வியாழக்கிழமை மூச்சு

அத்தியாயம் 14

சீனியம்மாள் போன வாரம் மில் கேட்டில் போட்ட சத்தம் வீண்போகவில்லை. உள்ளே இருந்தவர்களுக்குக் காது கேட்டதோ இல்லையோ, திங்கட்கிழமை ஒரு சீட்டு வந்துவிட்டது. மதுரையிலிருந்து நெஞ்சு நோய் டாக்டர் ஒருவர் புதன்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருகிறார். ஒரே ஒரு நாள். வட்டாரத்து மில்களிலிருந்து பன்னிரண்டு பேருக்குச் சோதனை. அதில் ஒன்பதாவது பெயர் அவள் புருஷன் இருளப்பசாமி.

இருபத்திரண்டு வருஷம் கார்டிங் மெஷின் முன்னால் நின்றவர் அவர். பஞ்சைச் சீவுகிற அந்த மெஷின், சீவிய தூசியில் பாதியைக் காற்றுக்கும் மீதியை இருளப்பசாமிக்கும் கொடுத்து வந்தது. ஷிஃப்ட் முடிந்ததும் தொண்டைக்கு ஒரு வெல்லக்கட்டியை மில் கொடுக்கும். தொண்டை இனித்தது, நெஞ்சுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

டாக்டர் 'பஞ்சுத் தூசியால் வந்த நோய்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் மில் அவரைத் தூசியில்லாத பேக்கிங்குக்கு மாற்றியே ஆகவேண்டும். எழுதாவிட்டால் பழையபடி கார்டிங். டாக்டர் அடுத்தபடி வர மூன்று மாதம் ஆகுமாம். அந்த மூன்று மாதத்தை மனுஷன் தாங்குவாரா என்பதுதான் சீனியம்மாளை நிற்கவும் விடாமல் உட்காரவும் விடாமல் அலைக்கழித்தது.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குள் அவள் சீட்டை நாலு தடவை எடுத்துப் பார்த்துவிட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் பார்த்தாள்.

இருளப்பசாமியோ முகம் வழித்து, பொங்கலுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"கல்யாண வீட்டுக்கா கிளம்புறீக?"

"டாக்டர் முன்னால பஞ்சத்துல அடிபட்டவன் மாதிரியா நிக்கச் சொல்ற?"

"செத்த இருமிக் காட்டுங்க, பாப்பம்."

"வராத இருமலை எங்கிட்டுப் போயிக் கொண்டாறது? இன்னைக்கு லீவு நாளு. நெஞ்சு நல்லாத்தான் இருக்கு."

அவர் சொன்னதில் பொய்யில்லை. அவருக்கு வாரத்தில் மற்ற நாளெல்லாம் எப்படியோ ஓடிவிடும். வியாழக்கிழமைதான் வினை. அன்று ஷிஃப்ட் முடிந்து வரும்போது நெஞ்சின் மேல் ஆட்டுக்கல்லை ஏற்றி வைத்ததுபோல வாசலிலேயே உட்கார்ந்துவிடுவார். வெள்ளிக்கிழமை கொஞ்சம் இளகும். சனிக்கிழமை இன்னும் கொஞ்சம். அடுத்த வியாழன் வந்தால் மறுபடியும் ஆட்டுக்கல்.

சீனியம்மாள் சும்மா இருப்பாளா? எட்டு வருஷத்துக்கு முன்னாலேயே செட்டியார்பட்டி ஜோசியரிடம் ஜாதகத்தைக் கொண்டுபோய்விட்டாள். வியாழன் குருவுக்குரிய நாள், குரு எட்டில் உட்கார்ந்து எட்டி உதைக்கிறார் என்றார் ஜோசியர். அன்றிலிருந்து புதன்கிழமை சாயங்காலம் கொண்டைக்கடலையை ஊறப்போடுவதும், வியாழக்கிழமை அதைக் கோத்துக் குரு பகவானுக்கு மாலை போடுவதும் அந்த வீட்டின் வழக்கமாகிவிட்டது. மகள் பரிபூரணம் கோத்த கடலையைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு மூட்டை தேறும்.

அந்தப் பரிபூரணம்தான் இப்போது தூக்குவாளியில் மோரை ஊற்றிக்கொண்டு வந்தாள். பத்தொன்பது வயது. டைப்ரைட்டிங் லோயர் முடித்துவிட்டு, ஹையருக்குப் போய்க்கொண்டிருப்பவள்.

"அப்பா, டாக்டர் கேக்குறதுக்கு மட்டும் ஆமா, இல்லன்னு சொல்லிட்டு வந்துராதீங்க. எல்லாத்தையும் விவரமாச் சொல்லுங்க."

"சரி தாயி" என்றார் இருளப்பசாமி. சொல்லும்போது சட்டைப்பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பஸ்ஸில் போகும்போதும் இரண்டு தடவை தொட்டார். பீடிக்கட்டைத்தான் தடவுகிறார் என்று நினைத்துச் சீனியம்மாள் முறைத்தாள்.

*

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பழைய கட்டடத்தின் பின்னறையில் சோதனை. வெளியே பெஞ்சில் வரிசையாக இருமல்கள். ஒருவர் நிறுத்தினால் அடுத்தவர் ஆரம்பித்தார். இருளப்பசாமி மட்டும் அந்த வரிசையில் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுக்காரிகள்லாம் வெளியில நில்லுங்கம்மா" என்று பியூன் விரட்டினார். சீனியம்மாள் ஜன்னல் பக்கம் போனாள். ஜன்னல் சாத்தியிருந்தது. கதவுப் பக்கம் வந்தாள். பியூன் முறைத்தார். பக்கத்தில் நின்ற இன்னொருத்தி, "நீ நடக்குற நடைக்கு ராஜபாளையத்துக்கே போயிட்டு வந்திருக்கலாம், அக்கா" என்றாள்.

ஒன்பதாவது பெயரைக் கூப்பிட்டார்கள். பத்தே நிமிஷம். இருளப்பசாமி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார்.

"என்ன கேட்டாக?"

"ஒரு குழாயைக் குடுத்து ஊதச் சொன்னாக. ஊதுனேன். பரவாயில்லைன்னாக. பீடி குடிப்பியான்னாக. ஆமான்னேன்."

"பொறவு?"

"திங்கக்கிழமை மில்லுக்குப் போனா நெஞ்சு இறுக்குதான்னாக. இல்லைன்னேன். திங்கக்கிழமை எனக்கு என்ன நோக்காடு? நல்லாத்தான இருக்கேன்."

"பொறவு?"

"அம்புட்டுத்தான். பீடி இருமல்னு எழுதிட்டாக."

சீனியம்மாளுக்குக் கண் இருட்டியது. கேட்டில் போட்ட சத்தம், யூனியன் ஆபீஸ் படி ஏறி இறங்கியது, பியூனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது எல்லாம் ஒரு பீடியோடு புகைந்து போய்விட்டதே!

"வியாழக்கிழமை நீங்க படுற பாட்டைச் சொன்னீகளா?"

"அதைச் சொல்லி? எனக்குக் குரு சரியில்ல சார்னு டாக்டர்கிட்டச் சொல்லச் சொல்றியா? சிரிக்க மாட்டாக?"

கோபப்படவேண்டிய இடத்தில் அவர் முகத்தில் என்னவோ ஒரு நிம்மதி தெரிந்தது. அது சீனியம்மாளுக்குப் பிடிபடவில்லை. எரிச்சல்தான் வந்தது.

"சரி, நான் முன்னால போறேன். வீட்ல ஒரு சோலி இருக்கு. நீ கடலை வாங்கிட்டு வா" என்று அவர் வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டார். மறுபடியும் சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டார்.

*

கடைத்தெருவில் அரைக்கிலோ கொண்டைக்கடலை வாங்கினாள். நல்ல சேதியானால் பரிபூரணத்துக்குப் பால்கோவா வாங்கி வருவதாகச் சொல்லியிருந்தாள். பால்கோவாக் கடையைப் பார்க்காமல் கடந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். உட்கார முடியவில்லை. ஒரு பஸ்ஸை விட்டாள். இன்னொன்றையும் விட்டாள். எதற்கு விட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

காலையில் அவள் நடையைக் கேலி செய்தவள் பக்கத்தில் வந்து நின்றாள். பெயர் கருத்தம்மா. செட்டியார்பட்டிக்காரி. அவள் புருஷன் வேறொரு மில்லில் கார்டிங். அவர் தள்ளி நிழலில் குந்தியிருந்தார்.

"உங்க வீட்டு அண்ணனுக்கு என்ன எழுதுனாக?"

"பீடி இருமலாம். உங்க ஆளுக்கு?"

"தூசி நோயின்னு எழுதிக் குடுத்துட்டாக. இனி தூசியில்லாம நூலைக் கோன்ல சுத்துற எடத்துக்கு மாத்திருவாகளாம்." கருத்தம்மா சந்தோஷத்தை மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை. "எங்க வீட்டுல இவரும் பீடி குடிக்கிறவருதான். ஆனா திங்கக்கிழமை வந்தா மூச்சு அடங்கிப் போயிரும். ஞாயித்துக்கிழமை கறி தின்னுட்டு எம்புட்டுத் தெம்பா இருப்பாரு! திங்கக்கிழமை சாயங்காலம் பாத்தா ஆள் பாதியாயிருவாரு. பொறவு வாரக் கடைசிக்குள்ள கொஞ்சம் கொஞ்சமாத் தேறி வருவாரு."

சீனியம்மாள் திரும்பிப் பார்த்தாள். வியாழன், வெள்ளி, சனி என்று தன் வீட்டில் நடக்கும் அதே கதை. கிழமைதான் வேறு.

"ஞாயித்துக்கிழமை என்ன?"

"என்னன்னா? மில்லு லீவு."

"உங்க மில்லுக்கு ஞாயித்துக்கிழமையா லீவு?"

"ஊர்ல பாதி மில்லுக்கு அன்னைக்குத்தான லீவு. உங்களுக்கு என்னைக்கு?"

சீனியம்மாள் கடலைப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்த வழியே ஓடினாள். நாற்பத்தைந்து வயதுப் பெண் கடைத்தெருவில் ஓடினால் நாலு பேர் பார்க்கத்தான் செய்வார்கள். பார்த்தார்கள்.

கட்டடத்து வாசலில் ஜீப் கிளம்ப நின்றது. டாக்டர் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார். இவள் முன்னால் போய் நின்றுகொண்டாள். மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை.

"யாரும்மா நீ? தள்ளு."

"ஒன்பதாம் நம்பரு வீட்டுக்காரிங்கய்யா. இருளப்பசாமி. எங்க மில்லுக்குப் புதன்கிழமைதாங்கய்யா லீவு."

"அதுக்கு?"

"எங்க வீட்டுக்கு வியாழக்கிழமைதாங்கய்யா உங்க திங்கக்கிழமை!"

டாக்டர் ஜீப்பில் வைத்த காலை இறக்கினார்.

"மறுபடி சொல்லு."

சொன்னாள். வாசலில் உட்கார்ந்துவிடுவதை, வெள்ளி இளகுவதை, சனி தேறுவதை எல்லாம் கொட்டினாள். கடலை மாலையைக்கூட விடவில்லை.

"திங்கட்கிழமை ஒரு நாளாவது வந்திருக்கா?"

சீனியம்மாள் யோசித்தாள். வந்திருந்தது! "போன வருசம் கரண்ட் கட்டுன்னு ரெண்டு மாசம் லீவை ஞாயித்துக்கிழமைக்கு மாத்துனாக. அப்பம் திங்கக்கிழமைதான் விழுந்தாரு. குரு போயி இப்பச் சந்திரன் புடிச்சிருக்காருன்னு ஜோசியர் சொன்னாரு. அந்த ரெண்டு மாசமும் பச்சரிசி தானம் பண்ணுனேன்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தப்பு என்னுதும்மா. தூசிக்குள்ளயே இருக்கிற நெஞ்சு அதுக்குப் பழகிப் போயிருது. ஒரு நாள் வெளியில இருந்துட்டு மறுபடி உள்ள போற அன்னைக்குத்தான் இறுக்கும். பெரும்பாலும் அது திங்கட்கிழமை. ஃபாரத்துலயும் திங்கட்கிழமைன்னுதான் அச்சடிச்சிருக்கு. நானும் அப்படியே கேட்டுட்டேன். லீவு என்னைக்குன்னு முதல்ல கேட்டிருக்கணும்."

"அப்பம் மாத்தி எழுதிருங்கய்யா."

"உன் வாய்ச்சொல்லை வச்சு எழுதினா மில் வக்கீல் ஒரே வாரத்துல கிழிச்சுப் போட்டுருவார். நாளைக்கு வியாழன்தானே? நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நான் ராஜபாளையத்துல, உங்க மில்லுக்குப் பக்கத்துலதான் இருக்கேன்." லாட்ஜின் பெயரைச் சொன்னார். "காலையில ஆறு மணிக்கு, மில்லுக்குள்ள போறதுக்கு முன்னால, அவர் குழாயை ஊதணும். ஷிஃப்ட் முடிஞ்சு ரெண்டரை மணிக்கு வெளியில வந்த கையோட மறுபடி ஊதணும். ரெண்டுக்கும் வித்தியாசம் இருந்தா, எந்த வக்கீல் வந்தாலும் நான் பாத்துக்கறேன். ஆனா அவர் எட்டு மணி நேரமும் கார்டிங்ல நிக்கணும். நின்னாத்தான் கணக்கு."

சீனியம்மாள் தலையாட்டினாள். ஆட்டியபிறகுதான் உறைத்தது. எட்டு வருஷமாக வியாழக்கிழமை போகாதீக, போகாதீக என்று புருஷன் காலைப் பிடித்தவள் அவள். நாளைக்கு அவளே தள்ளி அனுப்பவேண்டும்.

*

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தரை. அடுப்படியில் பரிபூரணம் டப்பாவில் மிஞ்சியிருந்த கடலையை வழக்கம்போல ஊறப்போட்டிருந்தாள். இருளப்பசாமி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இருவரும் எதையோ பேசிக்கொண்டிருந்து இவளைக் கண்டதும் நிறுத்தியது தெரிந்தது. சீனியம்மாளுக்கு அதைக் கவனிக்கப் பொறுமையில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"குரு மேல ஒரு குத்தமும் இல்ல. எட்டு வருசமா அந்தச் சாமியை வீணா வைதுட்டேன். லீவு விட்ட மறுநாளுதான் உங்களுக்கு இழுக்குது. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு ஊதிட்டு உள்ள போங்க."

இருளப்பசாமி மகளைப் பார்த்தார். பரிபூரணம் சுவரைப் பார்த்தாள்.

"என்ன, ரெண்டு பேரும் ஊமையாயிட்டீக?"

இருளப்பசாமி சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் கட்டிலில் வைத்தார். நாள் முழுக்க அவர் தொட்டுத் தொட்டுப் பார்த்தது பீடிக்கட்டு இல்லை.

"மில்லு டைம் ஆபீஸ்ல ஆஜர் எழுதுற ராஜரத்தினம் சொன்னாரு. நோயாளின்னு பேப்பர் வந்துட்டா வாரிசுக்கு வேலை கிடையாதாம். அதுக்கு முந்தி நானே விலகிக்கிறேன்னு எழுதிக் குடுத்துட்டா, பரிபூரணத்தை எடுத்துக்கிருவாகளாம். நாளைக்கு ஆறரைக்கு வரச் சொல்லியிருக்காக."

"எந்த எடத்துக்கு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பரிபூரணம்தான் சொன்னாள். "மிக்ஸிங்குக்கும்மா."

மிக்ஸிங் என்றால் பஞ்சு பேலைப் பிரித்து உதறுகிற இடம். கார்டிங்குக்கு வருவது அங்கே உதறிய மிச்சத் தூசி. சீனியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. அந்த மாதிரிப் பயம் அவளுக்கு இதுவரை வந்ததில்லை.

"நான் போறேம்மா" என்றாள் பரிபூரணம். "அப்பா மறுபடி அங்க போனா வீட்டுக்கு வருவாரோ என்னவோ. எனக்குச் சின்ன வயசுதான? தாங்கிக்கிருவேன்."

"உங்கப்பா உள்ள போகும்போது அவருக்கு என்ன வயசுங்கிற? இருபத்தாறு!"

தெருவரை கேட்கும்படி கத்திவிட்டாள்.

"கிழிச்சிரு" என்றார் இருளப்பசாமி மெதுவாக. "வேணும்னா கிழிச்சிரு. கிழிச்சா நாளைக்கு நான் உள்ள போகணும். கிழிக்கலைன்னா இவ போகணும். எதுன்னு நீயே சொல்லு, சீனி. எனக்கு யோசிக்க மூச்சு இல்ல."

இருபத்தைந்து வருஷத்தில் அவர் அவளிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. சீனியம்மாள் புருஷனைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். இரண்டும் அவள் உயிர்தான். ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றைக் கொடு என்றால் எந்தப் பொம்பளைக்குக் கை எழும்பும்? ஆனாலும் எழும்பியது. காகிதத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கடலை ஊறிய தண்ணீருக்குள் அதை முக்கி, கசக்கி, கூழாகும்வரை பிசைந்தாள்.

"நாளைக்கு ஒரு நாள். ஒரே ஒரு நாள் நீங்க போங்க" என்று திரும்பி வந்து சொன்னாள். இப்போது அழுகை வந்துவிட்டது. "ரெண்டரை மணிக்குக் கேட்டு வாசல்ல நான் நிக்கேன். முடியலைன்னா தூக்கிட்டே போறேன் அந்த டாக்டர்கிட்ட."

கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. விரலெல்லாம் நீலம்.

இருளப்பசாமி அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அது கார்பன் வச்சு எடுத்த காப்பி, சீனி. முன்னாலயே சொல்ல எனக்கு வாய் வரல. மேல இருந்த தாளை நேத்தே ராஜரத்தினத்துகிட்டக் குடுத்துட்டேன்."

"என்னது?"

"நாளைக்கு ஆறரைக்கு மேனேஜர் வந்ததும் கையெழுத்து வாங்கிருவேன்னாரு. அவரு கையெழுத்துப் போட்டுட்டா என்னை உள்ள விடமாட்டாக. இவளைத்தான் விடுவாக."

ஆறு மணிக்கு டாக்டர். ஆறரைக்கு மேனேஜர். நடுவில் இருப்பது அரை மணி நேரமும், ராஜரத்தினத்தின் கையிலிருக்கும் அந்தத் தாளும்.

சீனியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். முகத்தில் நீலம் அப்பியது. அதைத் துடைக்க அவள் நிற்கவில்லை.

"ராஜரத்தினம் வீடு எந்தத் தெரு?"

"அவரு வீட்டுக்கு எதுக்குட்டி? அவரு இப்பம் சாமி கும்புடுற நேரம். எழுதிக் குடுத்ததைத் திருப்பித் தரமாட்டாரு."

"தெருவை மட்டும் சொல்லுங்க."

பரிபூரணம் எழுந்து அம்மாவின் செருப்பை எடுத்து வாசலில் போட்டாள். தன்னுடையதையும் பக்கத்தில் போட்டாள்.

"எனக்குத் தெரியும்மா" என்றாள். "நேத்துச் சாயங்காலம் அப்பா அங்க போறப்ப நானும்தான் கூடப் போயிருந்தேன்."